சமூக ஊடகங்களும் நோயாளியின் நலமும்: மேலப்பாளையத்துக் குடும்பங்களுக்கான விளக்கம்

நீரிழிவு, இரத்த அழுத்தம், மகப்பேறு, குழந்தை நலம் என எந்தத் தேவைக்காக மருத்துவமனைக்கு வந்தாலும், இன்று நோயாளியுடன் ஒரு திறன்பேசியும் வருகிறது. மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையின் பெயரை, வெளியே இருக்கையில் அமர்ந்து அதில் தேடிப் பார்க்கிறீர்கள். பரிசோதனை முடிவைப் படம் எடுத்து உறவினர் குழுவுக்கு அனுப்புகிறீர்கள். தம் உடலைப் பற்றி அறிய விரும்புவது நோயாளியின் உரிமை. அதை எந்த மருத்துவரும் குறையாகக் கருதக் கூடாது. ஆயினும் வாட்ஸ்ஆப், ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் ஆகியவற்றால் உடல்நலத்திற்கு நேரும் தீங்குகள் எவை, அவற்றின் இடத்தில் எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்பதை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் அறிந்திருப்பது தேவை. இக்கட்டுரை திருநெல்வேலி மாநகராட்சியின் மேலப்பாளையம் பகுதியையும் அதன் வாழ்க்கை முறையையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. பிற ஊர்களில் வாழ்வோருக்கும் இதன் பெரும்பகுதி பொருந்தும்.

கைபேசியை முற்றிலும் விட்டுவிட வேண்டுமா?

வேண்டியதில்லை. மேலப்பாளையத்தில் பல வீடுகளில் கணவரோ மகனோ வளைகுடா நாடுகளில் பணிபுரிகின்றனர். ஒரு தலைமுறைக்கு முன்பு, வீட்டாரின் குரலை ஒலிநாடாவில் பதிவுசெய்து, ஊரிலிருந்து புறப்படும் ஒருவரிடம் கொடுத்தனுப்புவார்கள். மறுமொழி வர வாரக்கணக்கில் ஆகும். இன்று துபாயிலோ ரியாத்திலோ இருக்கும் தந்தை, குழந்தை உறங்கச் செல்லுமுன் அதன் முகத்தைத் திரையில் பார்த்துப் பேசுகிறார். முதிய தாய்க்குக் கால் வீங்கியிருப்பதை அங்கிருந்தே கண்டு, "நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்கிறார். தனிமை இதய நோய்க்கும் மனச்சோர்வுக்கும் ஏதுவாகும் என்பது மருத்துவத்தில் நன்கு அறியப்பட்ட செய்தி. அத்தனிமையைக் குறைக்கும் அழைப்பைத் தீங்கு என்று கூற இயலாது.

ஆகவே கைபேசிப் பயன்பாட்டை முதலில் மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அறிந்த ஒருவரோடு நேரடியாகப் பேசுவது ஒன்று. யார் எழுதியது என்று தெரியாத மருத்துவச் செய்திகளைப் பெறுவதும் பிறருக்கு அனுப்புவதும் மற்றொன்று. விரலால் தள்ளத் தள்ள முடிவின்றி வந்துகொண்டிருக்கும் காணொளிகள் மூன்றாவது. முதலாவதைக் காத்துக்கொள்ளுங்கள். மற்ற இரண்டையும் பற்றியே இங்கு விளக்கப்படுகிறது.

பகிரப்படும் மருத்துவச் செய்திகளால் என்ன தீங்கு?

2017 பிப்ரவரி 6 அன்று தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. 9 மாதம் முதல் 15 வயது வரையிலான ஏறத்தாழ 1.76 கோடி குழந்தைகளுக்குத் தடுப்பூசி செலுத்துவது இலக்கு. ஊசி பள்ளிகளைச் சென்றடையும் முன்பே வாட்ஸ்ஆப் செய்திகள் வீடுகளைச் சென்றடைந்துவிட்டன. இது வெளிநாட்டுச் சதி, குழந்தைகளுக்குப் பிற்காலத்தில் மலட்டுத்தன்மை உண்டாகும், ஊசி போட்ட மாணவர்கள் மயங்கி விழுந்தனர் என்றெல்லாம் அவை கூறின. பல பள்ளிகளில் பெற்றோர் ஒப்புதல் தர மறுத்தனர். பிப்ரவரி இறுதியில் நிறைவடைய வேண்டிய இயக்கத்தை மார்ச் மாதத்திற்கு நீட்டிக்க நேர்ந்தது.

அவ்வதந்திகளால் மறைக்கப்பட்ட செய்தி மிகவும் முக்கியமானது. ரூபெல்லா குழந்தைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். கருவுற்ற பெண்ணுக்கு முதல் சில மாதங்களில் வந்தால், பிறக்கும் குழந்தைக்குக் கண்புரை, செவிட்டுத்தன்மை, பிறவி இதயக் கோளாறு ஆகியவை ஏற்படக்கூடும், கருச்சிதைவும் நேரலாம். அதாவது, வருங்காலத் தாய்மைக்குப் பாதுகாப்பாக அமையும் ஊசியைத் தாய்மைக்கு எதிரானது என்று அச்செய்திகள் பரப்பின. தட்டம்மையோ மிக விரைவாகத் தொற்றக்கூடியது. நோயுற்ற ஒருவரிடமிருந்து தடுப்பாற்றல் இல்லாத 12 முதல் 18 பேர் வரை அதைப் பெறலாம். நுரையீரல் அழற்சியும் மூளை அழற்சியும் அதன் விளைவுகள்.

இதில் சுகாதாரத் துறையினர் கவனிக்க வேண்டியதும் உண்டு. பெற்றோர்களில் பலர் இத்தடுப்பூசியைப் பற்றி முதன்முதலில் அறிந்ததே அவ்வதந்தியின் வாயிலாகத்தான் என்பது என் மதிப்பீடு. வீட்டுக்கு வந்து விளக்க வேண்டிய செவிலியருக்கு முன்பாகக் கைபேசி வந்து விளக்கிவிட்டது. அறிந்த மனிதர் ஒருவரின் சொல் வந்து சேராத இடத்தில், அறியாதவரின் சொல் எளிதில் குடியேறிவிடுகிறது.

மலட்டுத்தன்மை குறித்த வதந்தி எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு இலங்கையில் ஒரு சான்று உள்ளது. 2018 பிப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவர் நடத்திய உணவகத்தில், உணவில் மலட்டுத்தன்மை உண்டாக்கும் மாத்திரை கலக்கப்பட்டதாக ஒரு காணொளி ஃபேஸ்புக்கில் பரவியது. உணவகமும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. உணவில் காணப்பட்டது மாவுக் கட்டி என்பது அரசுப் பகுப்பாய்வில் தெரியவந்தது. உணவில் கலந்து கொடுத்து ஒருவரை நிலையாக மலடாக்கும் மாத்திரை எதுவும் மருத்துவத்தில் இல்லை. இதை எந்த மருத்துவரிடம் கேட்டிருந்தாலும் ஒரு நிமிடத்தில் கூறியிருப்பார்.

இனி நம் மாநிலத்திற்கே வருவோம். 2018 ஜூலையில் திருப்பூரில் யூடியூப் காணொளிகளைப் பார்த்து வீட்டிலேயே மகப்பேறு நடத்த முயன்றதில், குழந்தை பிறந்த பின் இளம்பெண் ஒருவர் மிகுந்த இரத்தப்போக்கினால் உயிரிழந்தார். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்திற்கு அரை லிட்டருக்கும் மேலாக இரத்தம் பாய்கிறது. நஞ்சுக்கொடி பிரிந்த பின் கருப்பை சுருங்கவில்லையெனில் சில நிமிடங்களில் நிலைமை கைமீறிப் போய்விடும். அந்நேரத்தில் தேவைப்படுவது ஆக்சிடோசின் ஊசியும், இரத்தமும், அவற்றைச் செலுத்தத் தெரிந்த கைகளும். காணொளியில் இயல்பாக நிகழ்ந்த பிரசவத்தை மட்டுமே பார்க்கலாம். இயல்பாக நிகழாதவற்றை எவரும் படம் பிடித்துப் பதிவேற்றுவதில்லை.

2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் சென்னை ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில் கொரோனா தடுப்பூசி செலுத்திக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு, 17ஆம் நாள் காலமானார். இதயத்தின் முக்கியமான இரத்தக் குழாய் ஒன்றில் முழு அடைப்பு இருந்ததாக மருத்துவர்கள் தெரிவித்தனர். தடுப்பூசிக்குப் பிந்தைய பாதிப்புகளை ஆராயும் தேசியக் குழுவும் அவருடைய மரணத்திற்குத் தடுப்பூசி காரணமன்று என அவ்வாண்டு அக்டோபரில் முடிவு கூறியது. இம்முடிவு வர ஆறு மாதங்கள் ஆயின. வதந்திக்கு ஆறு மணி நேரம்கூடத் தேவைப்படவில்லை. அந்த ஆறு மாதங்களில்தான் கொரோனாவின் இரண்டாம் அலை வந்துபோனது என்பதை நினைவிற்கொள்ளுங்கள்.

சர்க்கரை மாத்திரையை நிறுத்தச் சொல்லும் செய்திகள்

மேற்கூறியவை பெருநிகழ்வுகள். புறநோயாளிகள் பிரிவில் நாள்தோறும் காண்பது இவற்றினும் அமைதியானது. "சர்க்கரை மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்னு வாட்ஸ்ஆப்ல வந்துச்சு, அதான் நிறுத்திட்டேன்" என்பது மிகப் பரவலாகக் கேட்கும் சொற்றொடர். சிறுநீரகத்தைக் கெடுப்பது கட்டுப்பாடற்ற சர்க்கரையும் இரத்த அழுத்தமும். சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்குச் சில மாத்திரைகளின் அளவைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும். அதற்காகவே கிரியேட்டினின் பரிசோதனை செய்யப்படுகிறது. பாதி உண்மை இவ்வாறு முழுப் பொய்யாக மாறும்போதுதான் அதை நம்புவது எளிதாகிறது. மாத்திரையை நிறுத்தியவருக்கு உடனே எதுவும் தெரிவதில்லை. சில நாள் உடல் இலேசாக இருப்பதாகவும் தோன்றலாம். ஆறு மாதம் கழித்து ஆறாத கால்புண்ணோடு வருகிறார்.

வெந்தயம், பாகற்காய், இன்சுலின் செடி இலை ஆகியவற்றைப் பற்றியும் கேட்கிறீர்கள். வெந்தயத்தையும் பாகற்காயையும் உணவாக உண்பதற்குப் பொதுவாகத் தடையில்லை. இவற்றில் எதுவும் மாத்திரைக்கோ இன்சுலினுக்கோ ஈடாகாது. எதைச் சேர்த்துக்கொண்டாலும் மருத்துவரிடம் கூறிவிடுங்கள். சினங்கொள்வார் என்று அஞ்சி மறைக்க வேண்டாம்.

ரமலான் மாதம் நெருங்கும்போது மேலப்பாளையத்தில் வேறொரு வகைச் செய்திகள் உலவுகின்றன. நோன்பு காலத்தில் இன்சுலினை அடியோடு நிறுத்தலாம் என்று சில, வழக்கமான அளவையே சஹர் வேளையில் போட்டுக்கொள்ளலாம் என்று சில. இரண்டுமே ஆபத்தானவை. முன்னதால் சர்க்கரை மிகையாகும். பின்னதால் நண்பகலில் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். நோன்புக்கு ஆறு வாரங்களுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு நோற்பது உங்களுக்குப் பாதுகாப்பானதா, மருந்தை எந்த வேளைக்கு, எந்த அளவுக்கு மாற்ற வேண்டும் என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என்பது மார்க்க அறிஞர்கள் பரவலாக ஏற்றுக்கொண்ட கருத்து. அளவு 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ அன்றைய நோன்பை அப்போதே திறந்துவிட வேண்டும். நோயாளிகளுக்கு மார்க்கத்திலேயே விலக்கு உண்டு என்பதை உங்கள் ஆலிமும் கூறுவார்.

ஒரு செய்தியை நம்புமுன் என்ன பார்க்க வேண்டும்?

வாட்ஸ்ஆப்பில் செய்தியின் மேல் ஒற்றை அம்புக்குறி இருந்தால் அது வேறிடத்திலிருந்து பகிரப்பட்டது. இரட்டை அம்புக்குறி இருந்தால் ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட கைகள் மாறி வந்தது. அனுப்பியவர் உங்கள் மாமாவாக இருக்கலாம், எழுதியவர் அவரல்லர். வதந்திகளால் உயிரிழப்புகள் நேர்ந்த பின்னரே, 2018 ஜூலையில் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் அனுப்ப இயலாதவாறும், 2020 ஏப்ரலில் இரட்டை அம்புக்குறிச் செய்திகளை ஒரு நேரத்தில் ஒருவருக்கு மட்டுமே அனுப்ப இயலும்படியும் அந்நிறுவனம் வரம்பு விதித்தது. இக்குறியை வீட்டிலுள்ள பெரியவர்களுக்குக் காட்டிக்கொடுங்கள். ஐந்து நிமிடப் பாடம், பயன் அதிகம்.

செய்தி உண்மையா பொய்யா என்று நீங்களே ஆராய்ந்து முடிவுசெய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. மருத்துவம் படித்தவர்களுக்கே சில வேளை நேரம் எடுக்கும் வேலை அது. நீங்கள் செய்ய வேண்டியது, மருந்தை நிறுத்துமுன் அல்லது புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் ஒரு மனிதரிடம் கேட்பது. உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தின் செவிலியர், 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை தரும் பணியாளர், அரசின் 104 மருத்துவ உதவி எண் ஆகிய மூன்றும் கட்டணமற்றவை. அச்செய்தியை அழிக்காமல் வைத்திருந்து அப்படியே காட்டுங்கள். வேறு பலரும் அதைப் பெற்றிருக்கிறார்களா என்பது எங்களுக்குத் தெரிய வேண்டும்.

ஊரின் பெயர் நோயின் பெயரானபோது

2020 மார்ச் இறுதியில், தில்லியில் நடந்த மாநாட்டுக்குச் சென்று திரும்பியவர்களில் சிலருக்குக் கொரோனா தொற்று உறுதியானதைத் தொடர்ந்து மேலப்பாளையம் அடைக்கப்பட்டது. தொற்று நோயைக் கட்டுப்படுத்துவதில் அது வழக்கமான நடவடிக்கை. ஆனால் அதே நாட்களில் நாடெங்கும் சமூக ஊடகங்களில் ஒரு சமயத்தாரே நோயைப் பரப்புவதாகச் செய்திகள் பரவின. பழக்காரர் ஒருவரின் பழைய காணொளி, வேற்று நாட்டில் எடுக்கப்பட்ட காணொளி என எவையெவையோ புதியவையாகக் காட்டப்பட்டன. மத்திய சுகாதார அமைச்சகம் ஏப்ரல் 8 அன்று ஓர் அறிவுரை வெளியிட்டது: நோய்ப் பரவலுக்கு எந்தச் சமூகத்தின் மீதோ ஊரின் மீதோ பழி சுமத்தக் கூடாது, நோயுற்றவர்களின் பெயர், அடையாளம், வசிப்பிடம் ஆகியவற்றைச் சமூக ஊடகங்களில் பகிரக் கூடாது. தமிழ்நாடு சுகாதாரத் துறையும் தன் நாளறிக்கைகளில் மாநாட்டைப் பெயரிட்டுக் கூறுவதை விடுத்தது.

இது நல்லிணக்கம் மட்டும் சார்ந்த செய்தியன்று, மருத்துவச் செய்தியும்கூட. நோயுற்றால் தன் பெயரும் தெருவின் பெயரும் ஊரெங்கும் பேசப்படும் என்று அஞ்சுபவர் காய்ச்சலை மறைப்பார். மறைத்த காய்ச்சல் வீட்டிலுள்ள முதியவருக்குப் பரவும். காசநோயிலும் தொழுநோயிலும் நெடுங்காலமாக இதையே காண்கிறோம். நம்பிக்கையின் பேரில் அறிந்த ஒருவரின் எச்.ஐ.வி. நிலையை அவர் ஒப்புதலின்றி வெளியிடுவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது. சட்டம் குறிப்பிடாத நோய்களுக்கும் இதே ஒழுக்கத்தைக் கடைப்பிடியுங்கள். பக்கத்து வீட்டாருக்குக் காசநோய் என்று தெருக் குழுவில் எழுதும் ஒரு வரியால், அவர் ஆறு மாத மருந்தைப் பாதியில் விட்டுவிடக்கூடும்.

முடிவற்ற திரை உடலை எவ்வாறு பாதிக்கிறது?

நாளிதழுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. திரைப்படம் முடிந்தால் விளக்கு எரியும். கைபேசிக் காணொளிகளுக்கு அத்தகைய எல்லை இல்லாதவாறு அவை வடிவமைக்கப்பட்டுள்ளன. அடுத்தது பிடித்ததாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற எதிர்பார்ப்பே விரலை நகர்த்துகிறது. 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் இந்தியாவில் தடைசெய்யப்பட்டது. அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இங்கு அறிமுகமானது. செயலி மாறியதே தவிரப் பழக்கம் மாறவில்லை.

முதலில் பாதிக்கப்படுவது உறக்கம். திரையின் ஒளியைப் பலரும் குற்றம் சாட்டுகின்றனர். ஒளியை விடவும், படுக்கையில் கிடந்தபடி பார்க்கும் சண்டையும் அச்சமும் வியப்பும் மூளையை விழித்திருக்கச் செய்வதும், உறங்க வேண்டிய நேரமே களவு போவதும்தான் பெரிய காரணங்கள் என்பது என் கருத்து. இரவு ஒரு மணிக்கு உறங்கி அதிகாலைத் தொழுகைக்கோ குழாய்த் தண்ணீருக்கோ எழுபவருக்கு நான்கு மணி நேர உறக்கமே கிடைக்கிறது. தொடர்ந்து குறைவாக உறங்குபவருக்கு இரத்த அழுத்தம் கூடுகிறது. இன்சுலின் சரிவரச் செயல்படாமல் காலைச் சர்க்கரை ஏறுகிறது. மறுநாள் பசியும் மிகுகிறது. மாத்திரையைக் கூட்டியும் சர்க்கரை குறையாத நோயாளிகளிடம் நான் இப்போது உணவுக்கு அடுத்தபடியாகக் கேட்பது, "கைபேசி இரவில் எங்கே இருக்கும்?" என்பதைத்தான்.

அடுத்தது மனம். இங்கு மிகைப்படுத்தாமல் கூற வேண்டும். 2018இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,700 பேர் பங்கேற்ற ஆய்வில், ஒரு பகுதியினர் நான்கு வாரங்கள் ஃபேஸ்புக் கணக்கை முடக்கி வைத்தனர். அவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் மிஞ்சியது. அதில் ஒரு பகுதியைக் குடும்பத்தாருடனும் நண்பர்களுடனும் கழித்தனர். மனநிறைவு கூடியது, ஆனால் சிறிதளவே. எனவே சமூக ஊடகத்தை விட்டால் மனச்சோர்வு நோய் குணமாகிவிடும் என்று எண்ணி, மருத்துவர் தந்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

வளரிளம் பருவத்தினருக்குப் பாதிப்பு கூடுதல். 2021இல் வெளியான அந்நிறுவனத்தின் உள் ஆய்வின்படி, தம் உடல் தோற்றம் குறித்து வருந்திய பதின்ம வயதுப் பெண்களில் 32 விழுக்காட்டினர், இன்ஸ்டாகிராம் அவ்வருத்தத்தை மேலும் கூட்டியதாகக் கூறினர். ஆஸ்திரேலியா 16 வயதுக்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2025 டிசம்பர் 10 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது. சிறு குழந்தைகளைப் பொறுத்தவரை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் அறிவுரை தெளிவானது: இரண்டு வயது வரை திரையே வேண்டாம் (வெளிநாட்டிலுள்ள உறவினரோடு முகம் பார்த்துப் பேசுவது தவிர), இரண்டு முதல் ஐந்து வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது. சோறு ஊட்டுவதற்காகக் கைபேசியைக் காட்டும் பழக்கத்தை மட்டுமாவது இன்றே நிறுத்துங்கள். அக்குழந்தை பசியையும் வயிறு நிறைந்ததையும் உணராமலே வளர்கிறது.

அவ்விடத்தில் எதை வைப்பது?

'விளையாடச் செல்லுங்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள்' என்று எழுதிவிடுவது எளிது. மேலப்பாளையத்தில் வீட்டில் அமர்ந்து பீடி சுற்றும் பெண்ணுக்கு அது பயன்படாது. மடியில் சுளகு, அதில் இலையும் தூளும் நூலும். சுவரில் சாய்த்து வைத்த கைபேசியில் காணொளி ஓடிக்கொண்டிருக்கும். ஒரே நிலையில் பல மணி நேரம் அமர்வதால் கழுத்தும் முதுகும் ஏற்கெனவே வலிக்கின்றன. திரையைப் பார்க்கத் தலையைக் குனிந்து நிமிர்வது வலியைக் கூட்டுகிறது. அவர்களுக்கு ஏற்ற மாற்று வானொலி. திருநெல்வேலி வானொலி நிலையம் 1963 முதல் ஒலிபரப்பி வருகிறது. வானொலி கண்ணையும் விரலையும் கேட்பதில்லை, வேலை நிற்பதில்லை, நிகழ்ச்சி முடிந்தால் முடிந்துவிடும். பழைய வழக்கப்படி நான்கு பெண்கள் ஒரு திண்ணையில் கூடிப் பேசிக்கொண்டே சுற்றுவது அதனினும் நன்று. மணிக்கொரு முறை எழுந்து தோளையும் கழுத்தையும் அசைத்துக்கொள்வதும் தேவை. பீடித் தூளினால் நேரும் மூச்சுத் தொல்லை தனியாக விளக்க வேண்டிய பொருள்.

சிறுவர்களுக்கு, தாமிரபரணிக் கரையில் கொக்கிரகுளத்திலுள்ள மாவட்ட அறிவியல் மையமும், பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகமும் தொலைவில் இல்லை. வாரம் ஒரு முறை அழைத்துச் செல்லப் பெரியவர் ஒருவர் கிடைத்தால் போதும். தெருவில் பந்து விளையாடும் பிள்ளைகளை விரட்டாமல் இருப்பதும் அண்டை வீட்டார் செய்யக்கூடிய உதவியே.

கைபேசிக்குள்ளேயே செய்யக்கூடிய மாற்றங்களும் உள்ளன. இருநூறு பேர் கொண்ட குழுக்களின் ஒலியை அடக்கி, வீட்டார் ஐந்தாறு பேர் மட்டும் உள்ள குழுவை முன்னே நிறுத்துங்கள். காணொளிச் செயலியை நீக்கிவிட்டு, வெளிநாட்டு அழைப்புக்கு வேண்டியதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அழைப்புக்கு நேரம் குறித்துக்கொண்டால், எந்நேரமும் திரையை எடுத்துப் பார்க்கும் தேவை குறையும். இரவில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே மின்னேற்றுங்கள். எழுவதற்கு நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு கடிகாரம் வாங்கிக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து அவசர அழைப்பு வருமோ என்ற கவலை இருந்தால், சாதாரண பொத்தான் கைபேசி ஒன்றைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு அவ்வெண்ணை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். முதல் ஒரு வாரம் எரிச்சலும் வெறுமையும் தோன்றும். பழக்கம் மாறும்போது அது இயல்பு.

மருத்துவமனையில் உடனிருப்போருக்கு

ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் நோயாளியுடன் இரவு தங்கும் உறவினர் அனைவருக்கும் கைபேசியே துணை. அதைக் குறை கூறவில்லை. இரண்டு வேண்டுகோள்கள் மட்டும். ஸ்கேன் படத்தையும் பரிசோதனைத் தாளையும் பெரிய குழுக்களில் இடாதீர்கள். இருபது பேர் இருபது அறிவுரை கூறுவர், அவற்றில் ஒன்று "அங்கிருந்து கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்" என்பதாக இருக்கும், குழம்புபவர் நீங்கள். குடும்பத்தில் ஒருவரைத் தேர்ந்து, அவர் மட்டும் மருத்துவரிடம் கேட்டு மற்றவர்களுக்குக் கூறுமாறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். கேட்க வேண்டியவற்றைத் தாளில் எழுதி, மருத்துவர் சுற்றுக்கு வரும்போது கையில் வைத்திருங்கள். இரண்டாவது, நோயாளியின் படத்தை அவர் ஒப்புதலின்றி எவருக்கும் அனுப்பாதீர்கள். குழாய்கள் செருகிய நிலையில் தம் முகம் ஊரெங்கும் சென்றதை, குணமடைந்த பின் அறிந்து வருந்துவோர் உண்டு.

எப்போது மருத்துவரைக் காண வேண்டும்?

இரண்டு வாரங்களுக்கு மேலாக உறக்கமோ உணவோ குறைந்திருந்தாலும், கைபேசியை எடுத்தால் அளவுகடந்த சினமோ அழுகையோ வந்தாலும், பள்ளி செல்ல மறுத்தாலும், நண்பர்களை விட்டு ஒதுங்கினாலும் பழக்கத்தின் கோளாறு என்று விட்டுவிடாமல் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் புறநோயாளிகள் பிரிவு உள்ளது. வாழ விருப்பமில்லை என்ற பொருளில் ஒருவர் பேசினாலோ எழுதினாலோ நிலைத்தகவல் வைத்தாலோ அதை நாடகம் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாமல் அருகிருந்து, வெளிப்படையாகக் கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் புதிதாக உண்டாகிவிடாது. டெலிமனஸ் உதவி எண் 14416. இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

படத்தை மாற்றி வெளியிடுவோம் என்று எவரேனும் மிரட்டினால், பணம் கொடுக்காமலும் செய்திகளை அழிக்காமலும் இணையக் குற்ற உதவி எண் 1930க்குத் தெரிவியுங்கள். பாதிக்கப்பட்டவர் குழந்தை எனில் 1098. மகளோ மகனோ இதை உங்களிடம் முதலில் கூறும்போது, "உன்னிடம் ஏன் கைபேசி தந்தேன்" என்று தொடங்காதீர்கள். அச்சொல்லுக்கு அஞ்சியே பலர் வாரக்கணக்கில் மறைக்கின்றனர்.